நீர்வண்ண ஓவியத்தினின்று தாளைப் பிரித்தல்

ஓவியங்கள் பலதிறத்தன. எண்ணெய் வண்ணத்தாற் சீலையில் எழுதப்படுவனவும், சுதை பூசிய சுவரில் எழுதப்படுவனவும், நீர்வண்ணத்தாற் தாளில் எழுதப்படுவனவும் என அவை விரியும். அவற்றுள் நீர்வண்ண ஓவியமே பள்ளி மாணவர் கையிற் பெரிதும் பயில்வது. சிறு வண்ணப் பெட்டி ஒன்றும், தூரிகை ஒன்றும், ஒரு குவளை நீரும், ஒரு தாளும் இருப்பின் அக்கலையைத் தொடங்கலாம். அவ்வாறு எழுதப்பட்ட படங்கள் இக்காலத்தில் ஸ்கானர் என வழங்கும் வருடியாற் கணினியிற் பதியப்பட்டு, நூலட்டை, அழைப்பிதழ், விழா மலர் முதலியவற்றில் இடம்பெறுகின்றன. அங்ஙனம் இடம்பெறுங்கால் எழுவதோர் இடர்ப்பாடே இக்கட்டுரைக்குப் பொருளாவது.

படத்தோடு அது வரையப்பட்ட தாளும் உடன் வந்துவிடுகின்றது. நீலநிற அட்டையின்மேல் ஒரு செந்தாமரையை வைக்க விரும்பினால், அதனைச் சூழ அழுக்கு வெண்மையான நாற்கோணம் ஒன்று ஒட்டுப் போட்டாற்போலத் தோன்றும். அந்நாற்கோணத்தை நீக்குதல் எங்ஙனம்? வெள்ளையை அழித்துவிட்டாற் போதாதோ எனச் சிலர் வினவுவர். போதாது என்பதும், அழித்தல் வேறு பிரித்தல் வேறு என்பதுமே யாம் ஈண்டு விளக்கப் புகுவன.

நீர்வண்ணத்தின் இயல்பு

எண்ணெய் வண்ணத்தில் எழுதுவோன் வெண்மை வேண்டுமிடத்து வெள்ளை வண்ணத்தைப் பூசுகின்றான். நீர்வண்ணமோ ஒளி ஊடுருவும் தன்மையது. ஒளியானது வண்ணப் படலத்தின் ஊடே சென்று, தாளிற் பட்டுத் திரும்பி, மீண்டும் அப்படலத்தின் ஊடே வந்து நம் கண்ணை அடைகின்றது. ஆதலின் நீர்வண்ண ஓவியத்துக்கு ஒளி தருவது தாளே. படலம் தடித்திருப்பின் நிறம் அடரும். மெலிந்திருப்பின் தாளின் வெண்மை மிகுதியும் புலப்பட்டு நிறம் வெளிறும். முழு வெண்மை வேண்டுமிடத்து ஓவியன் யாதும் பூசாது தாளை வெறுமையாகவே விட்டுவிடுகின்றான். சீன வெள்ளை எனப்படும் துத்தநாக வெள்ளையை வின்சர் அன் நியூற்றன் என்னும் இலண்டன் நிறுவனத்தார் 1834 ஆம் ஆண்டில் நீர்வண்ணமாக விற்பனைக்குக் கொண்டுவந்தனர். அதன் பின்னரும், பூசாது விட்ட வெண்மையே தூயது எனப் போற்றும் மரபு நீர்வண்ண ஓவியரிடை மறைந்திலது.

எனவே ஒரே தாளின் வெண்மை ஓவியத்தில் மூவகைப்பட்டு நிற்கின்றது. உருவத்துக்குப் புறத்தேயுள்ள வெற்றிடம் ஒன்று. கொக்கின் இறகாகவும் வெளுத்த வேட்டியாகவும் உருவத்துக்கு அகத்தே நிற்பது மற்றொன்று. மெல்லிய வண்ணத்தின் அடியிற் கலந்து நின்று அதற்கு ஒளியூட்டுவது மூன்றாவது. நாம் நீக்க விரும்புவது முதலாவதனை மட்டுமே. வருடியோ இம்மூன்றினையும் வேறுபாடின்றி எண்களாகவே பதிகின்றது.

இலக்கணம் பயின்ற மாணவர்க்கு இதனை எளிதில் உணர்த்தலாம். ‘பொற்குடம்’ என்னும் தொடரில் ‘ஆல்’ என்னும் உருபும் ‘ஆகிய’ என்னும் சொல்லும் எழுத்தில் இல்லை, பொருளில் உள. தொக்கு நிற்றல் வேறு, இல்லாமை வேறு. கொக்கின் வெண்மை தொக்கு நிற்பது. தாளின் ஓரத்து வெண்மை ஓவியத்தில் இல்லாதது. இவ்விரண்டையும் பிரித்தறிதலே இப்பணியின் உயிர்நிலை எனலாம்.

பதிவு செய்யும் முறை

நல்ல பதிவின்றி நல்ல பிரிப்பு இல்லை. முதலில் வருடியின் கண்ணாடியைத் துடைத்துத் தூசு போக்குக. தாளின் மறுபுறத்திலும் படமோ எழுத்தோ இருப்பின், அது ஊடே தெரியாவண்ணம் பின்புறத்தே கறுப்புத் தாள் ஒன்றை வைக்க வேண்டும். படத்தை அதன் அளவிலேயே அச்சிடுவதாயின் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் போதும். பெருப்பிப்பதாயின் 600 வேண்டும். ஏ-4 அளவுத் தாளொன்று 300 புள்ளி அளவிற் பதியப்படின் அகலம் 2480, நீளம் 3508 ஆக ஏறத்தாழ 87 இலட்சம் படப்புள்ளிகள் கிடைக்கும். ஒவ்வொரு புள்ளியும் செம்மை, பசுமை, நீலம் என்னும் மூன்று எண்களாற் குறிக்கப்படும். பொது வழக்கில் அவ்வெண்கள் 0 முதல் 255 வரையாம். வருடி தானாகவே நிறந் திருத்தும் ஏற்பாடு இருப்பின் அதனை நிறுத்திவிடுதல் நன்று. அது வெளிறிய வண்ணங்களைத் தன் விருப்பப்படி தின்றுவிடும்.

நீர்வண்ணத் தாள் பெரும்பாலும் சொரசொரப்பானது. வருடியின் விளக்கு ஒரு பக்கத்தினின்று ஒளி வீசுவதால் தாளின் மேடுபள்ளங்கள் நுண்ணிய நிழல்களாகப் பதிகின்றன. தாளை ஒரு முறை நேராகவும், மறுமுறை தலைகீழாகத் திருப்பி வைத்தும் பதிந்து, இரண்டாவது பதிவைக் கணினியில் நிமிர்த்தி, இரண்டையும் பொருத்திச் சராசரி எடுத்தால் அந்நிழல்கள் பெரிதும் தம்முள் ஈடுபட்டு மறையும். பதிந்ததனை ரிஃப் வடிவிற் சேமிக்க. ஜேபெக் வடிவம் கோப்பைச் சுருக்கும் பொருட்டு நுண்விவரங்களைக் குறைப்பதால், வண்ணம் தேய்ந்து முடியும் ஓரங்கள் அதிற் சிதைவுறும்.

தாளை வெளுப்பித்தல்

கண்ணுக்கு வெள்ளையாகத் தோன்றும் தாள் எண்ணில் வெள்ளையன்று. பழைய தாளொன்று செம்மை 244, பசுமை 240, நீலம் 229 என அளவிடப்படலாம். நீலம் குறைந்திருப்பதே அதன் மஞ்சட் சாயலுக்குக் காரணம். ‘லெவல்ஸ்’ என்னும் கருவியால் அம்மூன்று எண்களையும் தனித்தனியே 255 ஆக உயர்த்தினால் தாள் வெளுக்கும்.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை வேண்டும். தாளின் சொரசொரப்பை முற்றாக ஒழிக்கும் ஆசையால் வெள்ளையின் எல்லையை மேலும் தாழ்த்தினால், வானத்தின் இளநீலமும், முகத்தின் மெல்லிய செம்மையும், ஈரத்திற் பரந்து தேய்ந்த வண்ண ஓரமும் தாளோடு மாய்ந்துவிடும். ஓவியனது கைத்திறன் மிகுதியும் புலப்படுவது அவ்வோரங்களிலேதான். தாளின் சராசரி நிறத்தையே எல்லையாகக் கொண்டு, எஞ்சிய மறுக்களை உருவத்துக்குப் புறத்தே கையால் துடைத்தலே தக்கது.

மூன்று வழிகள்

முதலாவது, மந்திரக்கோல் எனப்படும் தெரிவுக் கருவி. வெள்ளையை ஓரிடத்தில் தொட்டால் ஒத்த நிறமுள்ள புள்ளிகள் யாவும் தெரியப்பட்டு நீங்கும். இது ஒரு புள்ளியை உண்டு அல்லது இல்லை என இரண்டாகவே பகுக்கின்றது. நீர்வண்ணத்தின் ஓரமோ படிப்படியாகத் தேய்வது. ஆதலின் வெட்டிய இடம் வாளின் பல்லைப்போலாகும்; அன்றியும் வெண்கீற்றொன்று உருவத்தைச் சூழ எஞ்சும். கூரிய ஓரமுடைய படங்களுக்கே இவ்வழி ஏற்றது.

இரண்டாவது, ‘மல்ட்டிப்பிளை’ என்னும் பெருக்கல் முறை. ஓவியத்தின் எண்ணையும் பின்புலத்தின் எண்ணையும் பெருக்கி 255 ஆல் வகுத்தல் இதன் செயல். வெள்ளை 255 ஆதலின் அது பின்புலத்தை மாற்றாது விடுகின்றது. ஒளி வண்ணத்தின் ஊடே சென்று மீளும் இயற்கையை இம்முறை ஒருவாறு ஒத்திருப்பதால், இளமஞ்சள், தந்தநிறம் போன்ற மெல்லிய பின்புலங்களில் இதனினும் அழகிய வழி இல்லை. ஆயினும் கரிய பின்புலத்தில் இது பயன்படாது. 230, 90, 110 என்னும் தாமரைச் செம்மையை 20, 40, 120 என்னும் கருநீலத்தின்மேற் பெருக்கினால் ஏறத்தாழ 18, 14, 52 கிடைக்கும். அது கருமையேயன்றிச் செம்மையன்று.

மூன்றாவது, வெண்மையை ஒளிபுகு தன்மையாக மாற்றுதல். ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் குறிக்கும் மூன்று எண்களோடு, அது எவ்வளவு மறைக்கின்றது என்பதைக் குறிக்கும் நான்காவது எண் ஒன்றையும் சேர்க்கலாம். அதற்கு அல்பா என்பது பெயர். அமெரிக்காவின் நியூயோர்க் தொழினுட்ப நிறுவகத்தில் எட் கற்மல், அல்வி ரே சிமித் ஆகியோர் 1970களின் பிற்பகுதியில் இதனை வகுத்தனர். தோமஸ் போட்டர், ரொம் டவ் ஆகியோர் 1984 ஆம் ஆண்டில் இதன் கணித விதிகளை முறைப்படுத்தினர். ஜிம்ப் என்னும் இலவச மென்பொருளில் ‘கலர் டு அல்பா’ என்னும் ஏற்பாடு இப்பணியைச் செய்கின்றது.

அதன் கணக்கை ஓர் எடுத்துக்காட்டாற் காண்போம். 155, 205, 255 என்பது வெள்ளைத் தாளில் எழுதிய இளநீலம் ஒன்றின் எண்கள். வெள்ளையினின்று மிகக் கூடுதலாகக் குறைந்திருப்பது செம்மை, குறைவு 100. அதனை 255 ஆல் வகுத்தால் 0.39 ஆகும், இதுவே அல்பா. எஞ்சிய 0.61 பங்கு வெள்ளையைக் கழித்து மீதியை அல்பாவால் வகுத்தால், தாளின் கலப்பற்ற நிறம் 0, 127, 255 என வரும். ஆகவே வெளிறிய நீலமாகத் தோன்றிய அது, செறிந்த நீலத்தின் ஒரு மெல்லிய படலமே என்பது பெறப்படும். அப்படலத்தை எப்பின்புலத்தின்மேலும் இடலாம். வெள்ளையின்மேல் இட்டால் பழைய நிறமே பிழையாது மீளும்.

கணக்கின் எல்லை

இவ்வளவு திருத்தமான கணக்கு இருக்கையிற் கையும் கண்ணும் எதற்கு எனின், கூறுதும். நம்மிடம் உள்ளவை மூன்று எண்கள். அறிய வேண்டுவன நிறத்தின் மூன்று எண்களும் அல்பாவும் ஆக நான்கு. மூன்று சமன்பாடுகளால் நான்கு கணியங்களைத் துணிதல் இயலாது. ஒரே பின்புலத்தின்முன் எடுத்த படத்தினின்று இதற்குப் பொதுவான ஒருதனித் தீர்வு இல்லை என்பதனையும், வெவ்வேறான இரு பின்புலங்களின்முன் எடுத்தால் உண்டு என்பதனையும் சிமித்தும் ஜேம்ஸ் பிளின்னும் 1996 ஆம் ஆண்டில் நிறுவினர். தாளில் எழுதிய ஓவியத்துக்கு இரண்டாவது பின்புலம் ஏது? ஆதலின் மென்பொருள், இயலக்கூடிய தீர்வுகளுள் மிக்க ஒளிபுகு தன்மையுடைய ஒன்றைத் தானே தெரிந்துகொள்கின்றது. அதன் கணக்கிற் கொக்கும் வெற்றிடமும் ஒன்றே. கரிய பின்புலத்தில் இட்டால் வெண்கொக்குக் கருங்கொக்காகும்.

இதற்குப் பரிகாரம் துணியில் அச்சிடுவோரிடம் உண்டு. கறுப்புத் துணியில் வண்ணம் அச்சிடுவோர் முதலில் வெள்ளை மையை அடியில் இட்டு, அதன்மேல் ஏனை நிறங்களை இடுவர். அவ்வாறே பிரித்தெடுத்த வண்ண அடுக்கின் கீழே, உருவத்தின் வடிவில் வெள்ளை அடுக்கு ஒன்றைக் கையால் வரைந்து இடல் வேண்டும். அதன் ஓரம், வண்ணம் தேயும் இடத்தில் தானும் தேய்ந்து முடிதல் வேண்டும். இவ்வடிவெள்ளை எங்கே தொடங்கும், எங்கே முடியும் என்பதனை எக்கணக்கும் சொல்லாது. ஓவியத்தைப் படித்தறிந்தவனே துணிய வேண்டும்.

டியூரரின் முயல்

ஜெர்மானிய ஓவியர் அல்பிரெக்ற் டியூரர் 1502 ஆம் ஆண்டில் எழுதிய இளமுயல் என்னும் ஓவியம் வியன்னா நகரத்து அல்பேர்ட்டினா அரும்பொருளகத்தில் உள்ளது. ஒளிபுகு நீர்வண்ணமும் ஒளிபுகா நீர்வண்ணமும் கலந்து எழுதப்பட்ட அதிற் பின்புலமென ஒன்றும் இல்லை. வெறுந்தாளில் முயல் அமர்ந்திருக்கின்றது. அதனைத் தாளினின்று பிரிக்கப் புகுவோன் நான்கு வினாக்களுக்கு விடையிறுத்தல் வேண்டும்.

முயலின் கண்ணிற் சாளரத்தின் ஒளி சிறு வெண்புள்ளியாகத் தெரிகின்றது. அஃது உயிரின் ஒளி. அதன் அடியில் வெள்ளை இடாது கரிய பின்புலத்தில் வைத்தால் முயல் குருடாகும். உடலின் அருகே நிழல் விழுந்திருக்கின்றது. அது முயலுக்கன்று, நிலத்துக்கு உரியது. ஆதலின் அடிவெள்ளை இன்றி ஒளிபுகு படலமாகவே விடவேண்டும். அப்பொழுதே புதிய நிலத்திலும் அது நிழலாக விழும். மீசை மயிர்கள் உருவரையைக் கடந்து நீளுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகக் கையாற் பின்தொடர்தலன்றி வேறு வழியில்லை. கீழே ஆண்டும் ஓவியரின் பெயர்க்குறியும் உள. அவை முயலுமல்ல, தாளுமல்ல. எனினும் ஓவியர் கையால் எழுதியவை. அவற்றைத் தாளோடு துடைத்தெறிதல் ஆக்கியோன் பெயரை ஏட்டினின்று கிழித்தலை ஒக்கும்.

சோதனையும் சேமிப்பும்

பணி முடிந்ததும் படத்தை வெள்ளை, கறுப்பு, இடைச்சாம்பல் என்னும் மூன்று பின்புலங்களில் வைத்துப் பார்க்க. வெள்ளையின்மேல் மறையும் குற்றங்கள் கறுப்பின்மேல் வெளிப்படும். பின்னர் அல்பாவைத் தாங்கவல்ல பி.என்.ஜி. வடிவிற் சேமிக்க; ஜேபெக் அதனைத் தாங்காது.

யாவற்றினும் முதன்மையானது மூலப் பதிவைத் திருத்தாது வேறாக வைத்தல். பிரித்த படம் ஒரு தேவைக்கு ஆக்கப்பட்டது. அதிற் தாளின் நிறமும், பென்சிற் கோடும், நீர் பரந்த கறையும் இரா. மூலத் தாளையோ ஈரமும் செல்லும் காத்திருக்கின்றன. படியில்லாத மூலம் அழிந்தால் அழிந்ததே என்பதனை, யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 ஆம் ஆண்டில் எரியுண்டபோது அரிய ஏடுகளை இழந்த நம் மக்களுக்கு வேறொருவர் சொல்ல வேண்டியதில்லை. எனவே திருத்தாத பதிவை ஈரிடத்தேனும் சேமித்து, வரைந்தவர் பெயர், ஆண்டு, தாளின் அளவு ஆகியவற்றை உடன் குறித்து வைத்தல் கடன்.

மாணவர்காள்! ஓர் இலையையோ ஒரு கொக்கையோ நீரே எழுதி, மேற்கூறிய மூன்று வழிகளையும் முயன்று, கறுப்பின்மேல் வைத்து ஒப்புநோக்குவீராக. எதனை வரைந்தீர், எதனை வரையாது விட்டீர் என்பது அப்பொழுது தெளிவாகும். பள்ளி நாளிற் தீட்டிய படங்களைப் பெட்டகத்தில் வைத்திருக்கும் பழைய மாணவர்கள் அவற்றை வெளியே எடுத்து, முதலிற் தாளோடு உள்ளவாறே பதிவு செய்து வைப்பாராக. அழகு செய்தலை ஆறுதலாகப் பின்னர்ச் செய்துகொள்ளலாம்.