ஓரறை இல்லத்தில் ஒரு விளைச்சல்: முளைகட்டிய பயறு

மும்பைத் துறைமுக ரயில் பாதையில் உள்ள வடாலாவிலும், அதனையொட்டிய ஆண்டாப்ஹில், மாதுங்கா, தாராவி ஆகிய பகுதிகளிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. அவற்றுள் பல, ஓர் அறையும் சமையலுக்கு ஒரு மூலையும் மட்டுமே கொண்டவை. அங்கே கீரைப் பாத்தி கட்டவோ முருங்கைக் கொம்பு ஊன்றவோ இடமில்லை. ஆயினும் மண்ணும் வெயிலும் வேண்டாத விளைச்சல் ஒன்று அவ்வில்லங்களுக்கும் உண்டு. அதுவே முளைகட்டிய பயறு.

இதில் மராத்திய மக்கள் நமக்கு வழிகாட்டிகள். 'மட்கி' எனப்படும் நரிப்பயற்றை முளைகட்டி 'உசல்' சமைப்பது அவர்களுடைய அன்றாட வழக்கம். கசப்பு வால் பயற்றை முளைகட்டி, தோலைப் பிதுக்கி எடுத்து 'பிர்டே' செய்கின்றனர். இதை நமது பிதுக்குப் பருப்பின் உடன்பிறப்பு எனலாம். முளைப்பாரி வளர்க்கும் தமிழருக்கும் முளை புதிதன்று. ஆனால் அது நீரில் கரைப்பதற்கே வளர்க்கப்படுவது. உணவு என்று வரும்போது நாம் சுண்டலுக்குப் பயறு ஊறவைப்பதோடு நின்றுவிடுகிறோம்.

மேலும் ஒருநாள் பொறுப்பதால் என்ன பயன்? உலர்ந்த பயற்றில் வைட்டமின் 'சி' அநேகமாக இல்லை. முளைக்கும்போது அது புதிதாக உண்டாகிறது. முதல் உலகப் போரில் மெசபொட்டேமியாவில் இந்தியச் சிப்பாய்கள் பலர், ஈறு வீங்கிக் குருதி கசியும் ஸ்கர்வி நோய்க்கு ஆளாயினர். உலர்ந்த பருப்பு காக்காத இடத்தில் முளைத்த பருப்பு காக்கும் என்பதை ஹாரியட் சிக், டெல்ஃப் ஆகிய இரு பெண் விஞ்ஞானிகள் 1919இல் வெளியிட்ட ஆய்வில் நிறுவினர். முளைத்தலால் பயற்றிலுள்ள ஃபைட்டிக் அமிலமும் குறைகிறது. இவ்வமிலம் இரும்புச் சத்தைப் பிணைத்து, உடலில் சேரவிடாமல் தடுப்பது. வாயுவை உண்டாக்கும் சர்க்கரைப் பொருள்களும் ஓரளவு கரைந்து போகின்றன.

முளைகட்டினால் புரதம் பன்மடங்கு பெருகும் என்று சிலர் கூறுவது சரியன்று. நீர் ஏறுவதால் எடை கூடுகிறதே தவிர, புரதத்தின் மொத்த அளவு பெரிதும் மாறுவதில்லை. வைட்டமின் 'சி'யிலும் மிகை வேண்டாம்: 100 கிராம் பச்சைப்பயற்று முளையில் இருப்பது ஏறத்தாழ 13 மில்லிகிராம், கொய்யாப்பழத்திலோ 200க்கும் மேல். ஆயினும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். இந்நிலையில், பயற்றின் இரும்பைச் சிறிதேனும் கூடுதலாக உடலில் சேர்ப்பிக்கும் எளிய வழியைப் புறக்கணிக்கலாகாது. எலுமிச்சை பிழிந்து உண்பது நலம். உண்டவுடன் தேநீர் அருந்துவது வந்த பயனைக் கெடுக்கும்.

செய்முறை எளிது. பயற்றைப் பொறுக்கி, கழுவி, எட்டு முதல் பத்து மணி நேரம் ஊறவைக்க வேண்டும். நீரை முற்றிலும் வடித்து, தூய பருத்தித் துணியில் தளர்வாகக் கட்டித் தொங்கவிட வேண்டும். நாளுக்கு இருமுறை நல்ல நீரில் அலசுதல் அவசியம். மும்பையின் வெப்பத்தில் பச்சைப்பயறு ஒரே நாளில் முளைவிடும். மார்கழி, தை மாதங்களில் சற்றுத் தாமதமாகும். முளைக்காத கல் பயறுகளை நீக்கிவிட வேண்டும். பிசுபிசுப்போ புளித்த வாடையோ தென்பட்டால், இரக்கப்படாமல் எறிந்துவிடுவதே முறை.

ஈரமும் வெதுவெதுப்பும் முளைக்கு மட்டுமன்றி நோய்க்கிருமிக்கும் உகந்தவை. 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளையின் வழியே பரவிய ஈ.கோலி கிருமியால் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆகையால், மழைக்காலத்தில் குடிநீரின் தூய்மை ஐயத்திற்கிடமாகும் பகுதிகளில் முளைகளைப் பச்சையாக உண்ணலாகாது. நன்கு ஆவி வரும்வரை வேகவைத்தே உண்ண வேண்டும். கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியோர் ஆகியோருக்கு இது எக்காலத்திற்கும் பொருந்தும். வேகவைப்பதால் வைட்டமின் 'சி' ஓரளவு குறையும். அந்த இழப்பைத் தாங்கலாம். ராஜ்மாவை முளைகட்டினாலும் நன்றாகக் கொதிக்கவைக்காமல் உண்பது நஞ்சு. விதைக்கடையில் விற்கும் விதைகள் மருந்து கலந்தவையாக இருக்கக்கூடும். மளிகைக் கடைப் பயறே இதற்கு ஏற்றது.

கைக்குழந்தை உள்ள வீட்டில் கேழ்வரகை முளைகட்டுவது தனிப் பயன் தரும். முளைத்த தானியத்தில் உண்டாகும் அமிலேஸ் என்னும் நொதி, கெட்டியான கஞ்சியை இளக்கிவிடும். சாதாரணக் கஞ்சியை நீர் விட்டு இளக்கினால் குழந்தையின் சிறு வயிறு நீராலேயே நிரம்பிவிடுகிறது. முளைமாவு சேர்த்த கஞ்சியில் அதே அளவில் கூடுதல் மாவு உள்ளே செல்கிறது. இரண்டு நாள் முளைத்த கேழ்வரகைக் காயவைத்து, இலேசாக வறுத்து அரைத்து, வெந்த கஞ்சி சற்று ஆறியதும் ஒரு தேக்கரண்டி மாவைக் கலந்து, இளகியபின் மீண்டும் ஒரு கொதி விட்டு இறக்கினால் போதும். மழை தொடங்கியபின் வடாலாவில் தானியம் காயாது, பூசணம் பிடிக்கும். எனவே சித்திரை வெயிலிலேயே மாவு தயாரித்து, காற்றுப் புகாத டப்பாவில் வைத்துக்கொள்ள வேண்டும்.