எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்காதே

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. டேலியும் எக்செல்லும் பழக வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும், கையில் 25,000 ரூபாய்தான் இருக்கிறது, அதற்குள் புதிதாக வாங்க முடியுமா என்று கேட்டிருந்தாய். முடியும். ஆனால் அந்த விலைக்குப் புதிது என்று சொல்லி விற்பதை நீ வாங்கக் கூடாது என்பதுதான் என் கருத்து. அலுவலகங்களில் சில வருடம் ஓடிவிட்டு, கம்பெனிக்காரர்கள் மொத்தமாக மாற்றும்போது கடைக்கு வருகிற பழைய டெஸ்க்டாப்பைத் தேடி வாங்கு. அதிலும் எட்டாம் தலைமுறை பிராசசருக்குக் கீழே இறங்காதே. ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்குக் காரணம் இருக்கிறது.

குறைந்த விலையில் அசெம்பிள் செய்து விற்கிற பெட்டிகளின் விளம்பரத்தைப் பார். கோர் ஐ5, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, கண்ணாடி பதித்த கேபினட், உள்ளே வண்ண விளக்கு என்று இருக்கும். எந்த ஐ5 என்பதை மட்டும் பெரிதாகப் போட மாட்டார்கள். பழைய பைக் வாங்கப் போனால் முதல் கேள்வியே 'எந்த வருட மாடல்' என்பதுதானே, இங்கேயும் அதைத்தான் கேட்க வேண்டும். இன்டெல் ஐ5 என்ற பெயரைப் பல வருடங்களாக வைத்திருக்கிறது. பெயருக்குப் பின்னால் வரும் எண்ணில்தான் வயது தெரியும். ஐ5-3470 என்றால் மூன்றாம் தலைமுறை, 2012-இல் வந்தது. ஐ5-8500 என்றால் எட்டாம் தலைமுறை, 2018-இல் வந்தது. இரண்டின் மீதும் ஒரே ஐ5 ஸ்டிக்கர்தான் ஒட்டியிருக்கும். அந்த மலிவான பெட்டிகள் பலவற்றில் கேபினட் புதிது, பழைய பிராசசருக்கென்றே இன்னும் தயாரிக்கப்படும் எச்61 மதர்போர்டும் புதிது. நடுவில் உட்கார்ந்திருக்கும் பிராசசர் மட்டும் இரண்டாம் அல்லது மூன்றாம் தலைமுறை. கடைக்காரர் ஒரு வருட வாரண்டி கொடுத்தாலும் அதன் வயது குறைந்துவிடாது.

வயது ஏன் முக்கியம் என்றால், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் நிபந்தனை, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ, கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி. பழைய பிராசசரிலும் குறுக்குவழியில் 11-ஐ ஏற்றித் தருகிறேன் என்பார்கள். ஏறும், ஓடவும் செய்யும். ஆனால் அப்படி ஏற்றியதற்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. கணக்கு எழுதவும் வீட்டுக்கு வங்கி வேலை பார்க்கவும் வைக்கிற கம்ப்யூட்டரை அந்த நிலையில் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. லினக்ஸ் இருக்கிறதே என்று கேட்பாய். நல்லதுதான், செலவும் இல்லை. ஆனால் டேலிபிரைம் விண்டோஸுக்காக எழுதப்பட்டது, உன் படிப்புக்கு அதுதானே வேண்டும்.

எட்டாம் தலைமுறையில் இன்னொரு லாபமும் உண்டு. அதுவரை டெஸ்க்டாப் ஐ5-க்கு அதிகபட்சம் 4 கோர்தான் இருந்தது, இதில் 6 ஆயிற்று. டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் என்று அலுவலகத்துக்காகவே செய்த வரிசைகளில் இந்தத் தலைமுறை நிறையக் கிடைக்கும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு விண்டோஸ் உரிமம் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் என்பதால் அதற்குத் தனியாகச் செலவழிக்க வேண்டியதில்லை.

பிராசசருக்கு அடுத்தபடி பார்க்க வேண்டியது எஸ்எஸ்டி. இதில் மட்டும் சமாதானம் செய்துகொள்ளாதே. ஹார்டு டிஸ்க்கில் தட்டு சுற்ற, முள் நகர்ந்து போய் ஒவ்வொரு கோப்பையும் தேடி எடுக்கிறது. ஒரு தேடலுக்குச் சுமார் 10 மில்லி செகண்டு. எஸ்எஸ்டிக்கு அதில் நூறில் ஒரு பங்கு போதும். விண்டோஸ் கிளம்பும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைப் படிக்கிறது, அதனால் ஹார்டு டிஸ்க் போட்ட ஐ7-ஐவிட எஸ்எஸ்டி போட்ட ஐ3 கைக்கு வேகமாகத் தெரியும். உன் வேலைக்கு 256 ஜிபி தாராளம். ரேம் 8 ஜிபி, டிடிஆர்4. 4 ஜிபி இரண்டாகப் போட்டால் கொஞ்சம் வேகம் கூடும் என்பது உண்மைதான். இருந்தாலும் ஒரே 8 ஜிபியாகக் கேள், பிறகு பணம் சேரும்போது காலி ஸ்லாட்டில் இன்னொன்றைச் செருகலாம்.

கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவுக்குப் போனால் கேபினட்டின் பளபளப்பைப் பார்க்காமல் ஆன் செய்யச் சொல். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் பிராசசரின் முழுப் பெயர், டிஸ்க் எஸ்எஸ்டியா இல்லையா, ரேம் எத்தனை ஸ்லாட்டில் இருக்கிறது எல்லாம் தெரியும். செட்டிங்ஸில் விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்று பார். ஒரு பென் டிரைவில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ எடுத்துக்கொண்டு போனால் எஸ்எஸ்டியின் ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்று காட்டிவிடும். பிறகு ரீஸ்டார்ட் செய்து, டெல் என்றால் எஃப்2, எச்பி என்றால் எஃப்10 அழுத்தி பயாஸுக்குள் போ. பாஸ்வேர்டு கேட்டால், எவ்வளவு விலை குறைத்தாலும் அந்தப் பெட்டி வேண்டாம். பக்கவாட்டு மூடியைத் திறக்கச் சொல்லி, மதர்போர்டில் கெப்பாசிட்டர்களின் தலை உப்பாமல் தட்டையாக இருக்கிறதா என்று பார். யூஎஸ்பி துளைகள் ஒவ்வொன்றிலும் பென் டிரைவைச் செருகிப் பார்க்கக் கூச்சப்படாதே. இந்தப் பெட்டிகளில் மானிட்டருக்குப் பெரும்பாலும் டிஸ்ப்ளேபோர்ட்தான் இருக்கும், அதற்கேற்ற கேபிளையும் அங்கேயே கேட்டு வாங்கிவிடு.

உன் அப்பா, யாரோ பயன்படுத்திய பொருள் எத்தனை நாள் ஓடும் என்பான். நியாயமான கேள்வி. தேய்கிற பாகங்கள் ஃபேன், டிஸ்க், உள்ளே மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ். டிஸ்க்கையும் ஃபேனையும் எளிதாக மாற்றலாம். எஸ்எம்பிஎஸ்தான் சிக்கல், இந்தக் கம்பெனிகளின் பெட்டிகள் பலவற்றுக்குக் கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. அதை மறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் நிறைய விற்ற மாடல் என்றால் பழைய உதிரி பாகமும் அதே தெருவில் கிடைக்கும், அதனால் அபூர்வமான மாடலைத் தவிர்த்துவிடு. இருப்பதில் டவர் மாடலாகப் பார்த்து எடு. புத்தகம் அளவுக்கு இருக்கும் குட்டிப் பெட்டி மேசையில் இடத்தை மிச்சப்படுத்தும், ஆனால் பின்னால் எதையும் சேர்க்க உள்ளே இடமிருக்காது.

லேப்டாப் வாங்கினால் என்ன என்பது அம்மாவின் கேள்வியாக இருக்கும். நீ விடுதியில் தங்கிப் படிப்பவளாக இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். வீட்டிலிருந்து போய் வருகிறாய். இந்த விலையில் வரும் லேப்டாப்பில் ரேமைக் கூட்ட முடியாமல் போவதுண்டு, பேட்டரியும் நாளாக ஆகத் தளர்ந்துவிடும். சின்னத் திரையில் எக்செல் கட்டங்களை மணிக்கணக்காகப் பார்ப்பதும் கண்ணுக்குக் கஷ்டம். கரண்ட் போனால் டெஸ்க்டாப் உடனே அணைந்துவிடும் என்பது மட்டும் மறுக்க முடியாத குறை. ஆகையால் 600 விஏ யூபிஎஸ் ஒன்றைச் சேர்த்தே கணக்குப் போடு. சேமித்துவிட்டு முறையாக அணைக்கிற நேரம் அது தந்தால் போதும்.

பெட்டிக்கு 15,000-க்கு மேல் போகாதே. மிச்சத்தில் 22 அங்குல, ஃபுல் எச்டி மானிட்டர் ஒன்றைப் புதிதாகவே வாங்கு, நாள் முழுக்க நீ பார்க்கப் போவது அதைத்தான். யூபிஎஸ், கீபோர்டு, மவுஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து 4,000 ஒதுக்கி வை. பில்லில் சீரியல் எண்ணும், எத்தனை மாத வாரண்டி என்பதும் எழுதியிருக்க வேண்டும். பணம் கொடுக்கும் முன் டாஸ்க் மேனேஜர் திரையையும் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் மாடல் ஸ்டிக்கரையும் படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. பார்த்துவிட்டு உடனே பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா