கட்டளையை மறுத்த யானைகள்

சூறதுல் பீலை மனனம் செய்யாத பிள்ளை எம்மில் அரிது. கஃபாவை இடிக்க அப்ரஹா கொண்டு வந்த யானை, மக்காவின் பக்கம் திருப்பப்பட்டதும் மண்டியிட்டு நகர மறுத்ததாகவும், வேறு திசைக்குத் திருப்பியபோது எழுந்து நடந்ததாகவும் சீறா நூல்கள் கூறுகின்றன. வரலாற்றுப் பாடத்தில் யானைப்படை பற்றிப் படித்தபோது இச்சம்பவமே என் நினைவுக்கு வந்தது.

போரில் யானையின் பெரிய ஆயுதம் அது ஏற்படுத்தும் அச்சமாகும். பழக்கப்படாத குதிரைகள் அதன் உருவத்தையும் வாடையையும் கண்டு மிரண்டோடும். உமர் (ரழி) அவர்களின் ஆட்சியில், 634ஆம் ஆண்டு யூப்ரடீஸ் நதியோரம் நடந்த பாலப்போரில் பாரசீகரின் யானைகளால் முஸ்லிம்களின் குதிரைகள் கலைந்தன. தளபதி அபூ உபைத் அவர்கள் யானையொன்றை நேரே எதிர்த்து, அதன் காலடியில் உயிர் நீத்தார்கள்.

சுமார் இரு வருடங்களின் பின் காதிஸிய்யாவில் நிலைமை மாறியது. ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரழி) அவர்களின் வீரர்கள் யானைகளின் கண்களையும் தும்பிக்கையையும் தாக்கினர். வலி தாளாத யானைகள் திரும்பி, தம் அணியையே ஊடறுத்து ஓடின. 1526இல் பானிபட்டில் பாபரின் பீரங்கிகளுக்கு முன் இப்ராஹிம் லோதியின் யானைப்படையும் பயனற்றுப் போயிற்று.

எமது நாட்டில் யானை ஏற்றுமதிப் பொருளாகவும் மரம் இழுக்கும் உழைப்பாளியாகவும் இருந்தது. யானைகளை யாழ்ப்பாணத்துக்கு ஓட்டிச் சென்ற வழியே ஆனையிறவு என்பர். ஏறாவூரின் முஸ்லிம் பணிக்கர்கள், தோற்கயிற்றால் காட்டு யானையின் காலில் சுருக்கிட்டுப் பிடிப்பதில் பேர் பெற்றவர்கள். தாய் யானை ஏறத்தாழ 22 மாதங்கள் கருவைச் சுமக்கும். பிறந்த குட்டி பார வேலைக்குப் பலம் பெற மேலும் பல வருடங்கள் செல்லும். ஆகவே வளர்த்தெடுப்பதைவிடக் காட்டில் பிடிப்பதே மனிதனுக்கு இலகுவாயிற்று.

கூட்டத்தையே வளைத்து மரவேலிக்குள் அடைக்கும் முறையும் இருந்தது. 1950இல் பனாமுரவில் நடந்ததே அதில் கடைசி. அங்கே அடங்க மறுத்த தலைமை ஆண் யானை சுட்டுக் கொல்லப்பட்டது.

அப்ரஹாவின் யானை மறுத்ததை நாம் வியந்து பேசுகிறோம். பனாமுர யானையின் மறுப்புக்குக் கிடைத்தது துப்பாக்கி ரவையே. வாயில்லா ஜீவன்கள் விடயத்தில் அல்லாஹ்வை அஞ்சுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்துள்ளார்கள். அடுத்த முறை ஒரு வளர்ப்பு யானையைக் காணும்போது, அதன் கம்பீரத்தோடு காலிலுள்ள சங்கிலித் தழும்பையும் பாருங்கள்.