கனடாவில் குடியேறியோர்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கனடா 1971 அக்டோபரில் பன்முகப் பண்பாட்டை அரசின் கொள்கையாக அறிவித்தது. 1988இல் அது சட்டமாயிற்று. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அந்நாட்டு மக்களில் ஏறத்தாழ 23 விழுக்காட்டினர் வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள். அவர்களைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் சில கருத்துகள் நடப்போடு ஒத்துப்போவதில்லை.

பழைய வழக்கங்களைக் கைவிட்டால்தான் புதிய நாட்டில் ஒன்ற முடியும் என்பது ஒரு நம்பிக்கை. குயின்ஸ் பல்கலைக்கழக உளவியலாளர் ஜான் பெரி இதைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார். தம் பண்பாட்டை விடாமல் புதிய சமூகத்தோடும் கலந்து பழகுபவர்களே பொதுவாக நல்ல மனநலத்தோடு இருக்கிறார்கள். இரண்டிலும் ஒட்டாமல் போகிறவர்களே அதிகம் தவிக்கிறார்கள்.

வீட்டில் தாய்மொழி பேசினால் பிள்ளைக்கு ஆங்கிலம் வராது என்ற பயமும் வீண். ஒரு மொழியில் கைவந்த வாசிப்புத் திறன் அடுத்த மொழிக்கும் உதவும் என்று டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஜிம் கமின்ஸ் விளக்கியுள்ளார். ஒன்டாரியோ மாகாணப் பள்ளிகளில் 1977 முதல் பாரம்பரிய மொழி வகுப்புகள் உண்டு, தமிழும் கற்பிக்கப்படுகிறது. பல வீடுகளில் நடப்பதோ வேறு. பள்ளி சென்ற சில ஆண்டுகளில் அண்ணனும் தங்கையும் தங்களுக்குள் ஆங்கிலத்திலேயே பேசிக்கொள்கிறார்கள். அப்பாவுக்கு வந்த வங்கிக் கடிதத்தை வாசித்துச் சொல்வதும், அம்மம்மாவின் முழங்கால் வலியை மருத்துவரிடம் எடுத்துச் சொல்வதும் அவர்கள் வேலையாகிறது. நழுவிப்போவது பெரும்பாலும் தாய்மொழிதான்.

இவற்றைவிடத் தீங்கானது, படித்தவர்களுக்கு அங்கே சிக்கல் இல்லை, பின்தங்கினால் குறை அவர்களிடம்தான் என்ற எண்ணம். ஒன்டாரியோவில் உரிமம் பெற விரும்பிய பொறியாளர், கனடாவில் குறைந்தது ஓராண்டு வேலை செய்திருக்க வேண்டும் என்று நெடுங்காலம் விதி இருந்தது. கனடா அனுபவம் இல்லாதவரை வேலைக்கு எடுக்க நிறுவனங்கள் தயங்கின. வேலை கிடைக்காததால் அனுபவமும் சேரவில்லை. தாய்நாட்டில் பாலம் கட்டியவர் கிடங்கில் பெட்டி அடுக்க நேர்ந்தது இப்படித்தான். கனடா அனுபவத்தைக் கண்டிப்பாகக் கேட்பது பாகுபாடே என்று மாகாண மனித உரிமை ஆணையம் 2013இல் அறிவித்தது. பொறியாளர் உரிம அமைப்பு அந்த விதியை நீக்கியதோ 2023இல்தான். மருத்துவர்களுக்கு வழி இன்னும் குறுகலாகவே இருக்கிறது. தேர்வுகளில் தேறிய பிறகும், வெளிநாட்டில் படித்தவர்களுக்கென ஆண்டுதோறும் ஒதுக்கப்படும் சில மருத்துவமனைப் பயிற்சி இடங்களுக்குப் பலர் போட்டியிட வேண்டியிருக்கிறது.