தம்பி ஏன் கீரையைத் துப்புகிறான்?

உங்கள் வீட்டில் மூன்று வயதுத் தம்பியோ தங்கையோ உண்டா? அவர்களுக்குச் சோறூட்டும் காட்சியை ஒரு நாள் கூர்ந்து கவனியுங்கள். அம்மா கீரை பிசைந்த கவளத்தை நீட்டுகிறார். குழந்தை வாயை இறுக மூடிக்கொள்கிறது. தப்பித்தவறி உள்ளே போன கவளமும் வெளியே வந்துவிடுகிறது. "இவனுக்குக் கீரையே பிடிக்காது" என்று அம்மா முடிவு செய்கிறார். மறுநாள் முதல் தம்பியின் தட்டில் கீரை இல்லை.

இந்த முடிவு சரிதானா? பார்ப்போம்.

பசி குறைவது ஏன்?

பிறக்கும்போது சுமார் 3 கிலோ எடையுள்ள குழந்தை, ஒரு வயதில் ஏறக்குறைய 9 கிலோ ஆகிறது. அதாவது மும்மடங்கு! ஆனால் இரண்டாம் ஆண்டில் கூடும் எடை 2 அல்லது 2½ கிலோதான். வளரும் வேகம் குறைவதால் பசியும் குறைகிறது. வயிறும் சிறியது. ஆகவே ஒரே வேளையில் திணிக்காமல், சிறிது சிறிதாக நாலைந்து வேளை கொடுப்பதே நல்லது. எடை கூடாமலேயே இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அங்கன்வாடியில் எடை பார்த்துக் குறித்து வைப்பது இதற்காகவே.

துப்புவது ஏன்?

இனிப்பை விரும்புவதும் கசப்பை வெறுப்பதும் பிறவியிலேயே வருபவை. தவிர, 2 வயது முதல் 5, 6 வயது வரை குழந்தைகள் பழக்கமில்லாத உணவைக் கண்டால் தயங்குவார்கள். நச்சுத் தாவரங்கள் பல கசப்பானவை அல்லவா? காட்டில் வாழ்ந்த ஆதிமனிதரின் குழந்தை, நடக்கத் தொடங்கியதும் கண்ட இலையை எல்லாம் தின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தத் தயக்கம் உயிர் காத்திருக்கும் என்று அறிவியலாளர்கள் கருதுகிறார்கள். எனவே தம்பி செய்வது வெறும் அடம் அல்ல; எச்சரிக்கை!

அதற்காகக் கீரையை விட்டுவிடலாமா? கூடாது. கீரையில் உள்ள கரோட்டினை நம் உடல் வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்கிறது. இந்த வைட்டமின் குறைந்தால் மாலைக்கண் வரும். முற்றினால் பார்வையே பறிபோகும். பள்ளிக்குப் போகாத சிறு குழந்தைகளையே இக்குறை மிகுதியாகத் தாக்குகிறது.

வழி என்ன?

அமெரிக்காவில் பர்ச், மார்லின் என்ற இரு ஆய்வாளர்கள், இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் புதிய உணவு வகைகளைச் சுவைக்கக் கொடுத்தார்கள். சிலவற்றை ஒரு சில முறையும், சிலவற்றை 20 முறை வரையும் கொடுத்தார்கள். எதை அதிக முறை சுவைத்தார்களோ அதையே குழந்தைகள் அதிகம் விரும்பினார்கள். இந்த ஆய்வு 1982-இல் வெளிவந்தது. நாமோ இரண்டு, மூன்று முறை கொடுத்துவிட்டுக் கைவிட்டுவிடுகிறோம்!

"கீரை தின்றால் மிட்டாய் தருவேன்" என்று ஆசை காட்டலாமா? 1984-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், பரிசுக்காக ஒரு பானத்தைக் குடித்த குழந்தைகளுக்குப் பிறகு அந்தப் பானத்தின் மேல் விருப்பம் குறைந்தே போயிற்று.

செய்து பாருங்கள்

அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, தம்பி மறுக்கும் கீரை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நன்றாக மசித்து, சில துளி நெய் சேருங்கள். கரோட்டினை உடல் ஏற்க கொழுப்பு உதவும். சுண்டைக்காய் அளவு போதும். அவன் எதிரில் நீங்களும் அதையே சாப்பிடுங்கள். வற்புறுத்தாதீர்கள், துப்பினால் திட்டாதீர்கள். இரண்டு நாளுக்கு ஒரு முறை என 15 முறை கொடுத்து, "துப்பினான்", "விழுங்கினான்", "இன்னும் கேட்டான்" என்று நாட்காட்டியில் குறித்து வாருங்கள்.

"இன்னும் கேட்டான்" என்று எத்தனையாவது முறை எழுதினீர்கள்? அந்த நாட்காட்டியை அம்மாவிடம் காட்டுங்கள்.