முடிச்சில்லாத கட்டு

செம்பூர், மும்பை

அன்புப் பேத்திக்கு,

நீ அனுப்பிய வீடியோவை நாலு தடவை பார்த்துவிட்டேன். மன்னார்குடியில் சம்பா அறுவடை முடிந்து, அறுவடை மிஷின் உதிர்த்துவிட்டுப் போன வைக்கோல் வரிசை வரிசையாகக் கிடக்கிறது. டிராக்டர் அந்த வரிசைமேல் போகிறது. பின்னால் வரும் பேலர் வைக்கோலை வாரி விழுங்குகிறது. கொஞ்ச தூரம் போனதும் நிற்கிறது, பின்கதவு திறக்கிறது, உருண்டையாக ஒரு கட்டு வெளியே விழுகிறது. "தாத்தா, கட்டு ஏன் உருண்டையா இருக்கு? இந்த மாதிரி ஒரு மிஷினை நான் டிசைன் பண்ண முடியுமா?" என்று கேட்டிருக்கிறாய். மெக்கானிக்கல் முதல் வருஷம் படிக்கும் பெண்ணுக்கு இதைவிட நல்ல கேள்வி வராது. மாட்டுங்கா ரயில்வே பணிமனையில் முப்பத்துநாலு வருஷம் இரும்போடு பழகியவன் நான். போனில் அவசரமாகச் சொல்ல மனசு வரவில்லை. பென்சிலும் தாளும் எடுத்து வைத்துக்கொண்டு படி.

முதலில் உன்னைத் தாராவிக்குக் கூட்டிப்போகிறேன். பதின்மூன்றாம் காம்பவுண்டில் பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரித்து, அமுக்கிக் கட்டி அனுப்பும் கொட்டகை ஒன்று இருக்கிறது. அங்கே இருக்கும் ஹைட்ராலிக் பிரஸ் பழுதானால் எனக்குத்தான் ஆள் வரும். இரும்புப் பெட்டிக்குள் பிளாஸ்டிக்கை நிரப்பினால், மேலிருந்து தட்டு இறங்கி அமுக்கும். தட்டு ஏறியதுமே உள்ளே இருப்பது உப்பிக்கொண்டு எழும்பும். அதனால் அமுக்கிய நிலையிலேயே கம்பியைப் போட்டு முறுக்கிவிட வேண்டும். கம்பி பிடி விட்டால் கட்டு என்று சொல்ல எதுவும் மிஞ்சாது.

வைக்கோலும் அப்படித்தான். ஒவ்வொரு வைக்கோல் தாளும் உள்ளே குழலாக இருக்கும் ஒரு சின்ன வில். பெட்டியில் போட்டு அமுக்கினால் விரிந்து எழப் பார்க்கும். சதுரக் கட்டு போடும் பேலர் அந்தப் பெட்டி வழியில்தான் வேலை செய்கிறது. உள்ளே ஒரு கனத்த உந்துதட்டு முன்னும் பின்னும் ஓடி வைக்கோலை இடித்து இடித்துத் திணிக்கும். ஒவ்வொரு இடியும் டிராக்டர் வரை அதிரும். அந்த அதிர்வைத் தாங்க கனமான சுழல்சக்கரம் வேண்டும். கடைசியில் முடிச்சு. இயந்திரம் தானாகக் கயிற்றில் முடிச்சுப் போடும் வித்தையை அமெரிக்காவின் ஜான் ஆப்பிள்பி 1870-களின் இறுதியில் கதிர்க்கட்டு இயந்திரத்துக்காக உருவாக்கினார். பறவையின் அலகு போன்ற ஒரு கொக்கி கயிற்றைச் சுற்றிப் பிடித்து, வளையத்துக்குள் இழுத்துவிடும். பார்க்கப் பார்க்க அதிசயமாக இருக்கும். ஆனால் ஒரு துண்டு கொஞ்சம் தேய்ந்தாலும், ஒரு அசைவு நொடியில் சின்னப் பங்கு பிந்தினாலும் முடிச்சு விழாது. அந்தக் கட்டு வயலிலேயே பிரிந்து கிடக்கும்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவில் நெப்ராஸ்காவின் சட்டன் ஊர்க்காரர் உம்மோ லூபன் வேறு மாதிரி யோசித்தார். வைக்கோலை இடிக்காமல் பாய் போலச் சுருட்டினால் என்ன? அவருடைய உருளைக்கட்டு இயந்திரத்துக்கு 1910-இல் காப்புரிமை கிடைத்தது. அந்த உரிமையை வாங்கிய அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் 1947-இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1971-இல் அயோவாவின் பெல்லா ஊரில் கேரி வெர்மீர் ஆள் உயரப் பெரிய உருளைக்கட்டு போடும் இயந்திரத்தைச் செய்தார். ஆள் கிடைக்காத ஊரில் ஒரே ஆள் முழு வைக்கோல் வேலையையும் முடிக்க வேண்டும் என்பதுதான் அவருடைய கணக்கு.

சுருட்டும்போது என்ன நடக்கிறது என்று படம் போட்டுப் பார். ஒரு வட்டத்தைச் சுற்றிலும் உருளைகள், எல்லாம் ஒரே திசையில் சுழல்கின்றன. உள்ளே வந்த வைக்கோலும் சுழலத் தொடங்குகிறது. புதிதாக வருவது மேலே மேலே படிந்துகொண்டே போகிறது. ஒவ்வொரு அடுக்கும் தனக்குக் கீழே இருப்பதைக் கட்டிப் பிடிக்கிறது. வைக்கோலின் வில்குணம் இங்கே எதிரியாக இல்லை. வெளியே தள்ளும் அந்த விசையே மேலே சுற்றிய கயிற்றை இறுக்கமாக வைத்துக்கொள்கிறது. உருளைகள் சூழ்ந்த அந்த அறை நிரம்பியதும் ஓட்டுநர் வண்டியை நிறுத்துகிறார்; டிராக்டரிலிருந்து பேலரைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டு மட்டும் நிமிடத்துக்கு 540 சுற்றில் ஓடிக்கொண்டிருக்கும். சணல் கயிற்றின் நுனியை உள்ளே விட்டால், சுழலும் கட்டே அதை இழுத்துச் சுற்றிக்கொள்ளும். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை சுற்றியதும் கத்தி கயிற்றை அறுத்துவிடும், அவ்வளவுதான். நுனியில் யாரும் முடிச்சுப் போடவில்லை. உராய்வே பிடித்துக்கொண்டிருக்கிறது.

அடுத்த முறை வயலுக்குப் போகும்போது ஒரு கட்டைத் தடவி, முடிச்சைத் தேடிப் பார். கிடைக்காது. வடிவமைப்பில் நான் கற்ற பெரிய பாடம் இதுதான்: சிக்கலான பாகத்தைத் திறமையாகச் செய்கிறவன் கெட்டிக்காரன். அந்தப் பாகமே தேவைப்படாதபடி பொருளின் குணத்தை வேலை வாங்குகிறவன் அவனுக்கு ஆசான்.

சுருட்டும் அறை இரண்டு வகை. உருளைகள் அசையாமல் நிற்கும் நிலையான அறையில், ஆரம்பத்தில் வைக்கோல் தளர்வாகப் புரண்டுகொண்டிருக்கும். அறை நிரம்பிய பிறகே வெளி அடுக்குகள் அழுந்தும். நடு மெத்தென்று, மேல் கெட்டியாக வரும். நடுவில் காற்றோட்டம் இருப்பதால் மிச்ச ஈரம் உலர வழி உண்டு. இன்னொரு வகையில் நீண்ட பெல்ட்டுகள் கட்டைத் தழுவியபடி, அது பெருக்கப் பெருக்க விலகிக் கொடுக்கும். கோரைப்பாயை முதல் மடிப்பிலிருந்தே இறுக்கிச் சுருட்டுவது போல நடு முதல் மேல் வரை ஒரே கெட்டி. எடை கூடும், பெல்ட், இழுவிசைக் கை, ஹைட்ராலிக் என்று பாகங்களும் செலவும் கூடும். நம் டெல்டாவில் ஓடுபவை பெரும்பாலும் நிலையான அறை கொண்ட சின்ன பேலர்கள். எளிமை, குறைந்த எடை, உள்ளூர் பட்டறையில் பழுது பார்க்க முடிவது ஆகிய மூன்றும் அதற்குக் காரணம்.

நெல் வைக்கோலுக்கு இரண்டு குறும்புகள் உண்டு. அதன் மேல்தோல் வழுவழுப்பு. உருளை சுழன்றாலும் வைக்கோல் சுழலாமல் வழுக்கிக்கொண்டு நிற்கும். அதனால்தான் உருளைகளின்மேல் நீளவாக்கில் வரிமேடுகள் வைக்கிறார்கள். சில மிஷின்களில் உருளைக்குப் பதிலாகக் குறுக்குச் சட்டம் பூட்டிய சங்கிலி ஓடும். முதல் பிடி வைக்கோல் சுழலத் தொடங்குவதுதான் கஷ்டம், பிறகு தானாக வளரும். இரண்டாவது, வைக்கோலில் சிலிக்கா அதிகம். அது இரும்பை அரம் போலத் தேய்க்கும். வாரும் பல்லும் கத்தியும் சீக்கிரம் தேயும். அதனால் தேயும் பாகத்தைக் கழற்றி மாட்டச் சுலபமாக வை. இரண்டு ஸ்பேனரோடு ஒரு ஆள், வரப்பில் உட்கார்ந்தபடி மாற்ற முடிய வேண்டும்.

இப்போது பென்சிலை எடு. நம்மூர்க் கட்டின் குறுக்களவு 60 செ.மீ. என்று வைத்துக்கொள். மழையில் சுற்றிலும் 10 செ.மீ. நனைந்து கெட்டுப்போகிறது. ஆரம் 30-இலிருந்து 20 ஆகிறது. பரப்பு ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: 900-க்கு 400. அதாவது கட்டில் 56 சதவீதம் போய்விட்டது! அதே 10 செ.மீ. 150 செ.மீ. கட்டில் நனைந்தால், 5625-க்கு 4225 மிஞ்சும். இழப்பு 25 சதவீதம்தான். பெரிய உருளைக்கட்டு வெட்டவெளியில் ஓரளவு தாக்குப்பிடிப்பதற்கும், நம் கட்டுக்குக் கூரை அவசியம் என்பதற்கும் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது. அப்படியானால் பெரிதாகவே போடலாமே என்பாய். பெரிய கட்டைத் தூக்க டிராக்டர் வேண்டும். நம் வரப்புக்கும் சந்துக்கும் தலைச்சுமையாகத் தூக்கும் கட்டுதான் தோது. வைக்கோல் கேரளாவுக்கு லாரியேறிப் போகும்போதும் கையால்தான் ஏற்றுகிறார்கள். அளவைத் தீர்மானிப்பது தூக்குகிறவரின் தோள்.

மழையை விட உள் ஈரம் இன்னும் ஆபத்து. குறுவை வைக்கோல் அறுவடையாவதே வடகிழக்குப் பருவமழையை ஒட்டி. ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது கட்டினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும், கட்டு சூடேறும். பெரிய போராக அடுக்கினால் சில சமயம் தானாகத் தீப்பிடிக்கவும் கூடும்.

ஈரத்தைப் பகையாக நினைக்காத ஒரு வழியும் உண்டு. பசுந்தீவனத்தை அறுத்து வாடவிட்டு, பாதி ஈரம் இருக்கும்போதே கட்டி, காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் படலத்தால் சுற்றிவிடுவது. காற்று இல்லாத இடத்தில் லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் பெருகி, தீவனத்தைப் புளிக்க வைத்துக் காக்கும். தயிர் உறைவதும் அந்த வகை நுண்ணுயிர்களால்தான். நம்மூரில் இதற்கு ஊறுகாய்ப்புல் என்று அழகான பெயர் இருக்கிறது.

சுற்றும் இயந்திரத்தின் வேலையைக் கவனி. படலத்தின் தடிமன் 25 மைக்ரான். 40 அடுக்கு சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர். அது இரண்டு உருளைகள் வழியாக வரும். இரண்டாவது உருளை முதலாவதைவிட வேகமாகச் சுழலும். அதனால் படலம் 55 முதல் 70 சதவீதம் வரை நீண்டுவிடும். நீண்டது சுருங்கப் பார்க்கும். அந்தச் சுருங்கும் ஆசையே கட்டை இறுகப் பிடித்துக்கொள்கிறது. கட்டு தன்னைத்தானே உருட்டிக்கொள்ள, அதைத் தாங்கும் மேசையும் சுழலும். ஒவ்வொரு சுற்றும் முந்திய சுற்றின் பாதியை மூடும். ஆக ஒரு முழுச் சுற்றுவரிசைக்கு இரண்டு அடுக்கு. நாலிலிருந்து ஆறு அடுக்கு வேண்டும். ஒரு ஊசித்துளை போதும், காற்று புகுந்து கெடுத்துவிடும். இங்கேயும் முடிச்சு இல்லை, படலம் தன்மேல் தானே ஒட்டிக்கொள்கிறது.

நான் மும்பையில் இருந்து எழுதுவதற்கு அர்த்தம் இங்கேதான். அந்தப் படலம் கடைசியில் எங்கே போகிறது? தாராவிக் கொட்டகையில் சுத்தமான படலத்துக்கு நல்ல விலை. மண்ணும் சாறும் ஒட்டி ஈரமாக வருவதைக் கழுவ வேண்டும், உலர்த்த வேண்டும்; கழுவுகிற கூலிக்கே கட்டாது. கோரேகாவ் பக்கம் ஒரு எருமைத் தொழுவத்தில், வைக்கோலோடு பிளாஸ்டிக் கயிற்றுத் துண்டும் தொட்டியில் கிடப்பதைப் பார்த்தேன். மாடு நாக்கால் சுருட்டி விழுங்கும், பிரித்தெடுக்கத் தெரியாது. பிளாஸ்டிக் அதன் இரைப்பையில் செரிக்காமல் தங்கிவிடும். சணல் அப்படித் தங்காது. ஆகவே கயிற்றைத் தேர்ந்தெடுப்பதும் வடிவமைப்புதான். கட்டைப் பிரிக்கும் கையையும், தின்னும் வாயையும் நினைக்காமல் வரைந்த படம் முடியாத படம்.

ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். வாரும் பல் வைக்கோலை இழுக்கும் வேகத்தில், பிடித்த கையை மனிதன் விடுவிக்க நேரம் இருக்காது. அடைத்துக்கொண்டால் பி.டி.ஓ.வை நிறுத்தி, என்ஜினையும் அணைத்த பிறகே கை வைக்க வேண்டும். தண்டின் மூடி கழன்ற மிஷின் பக்கம் துப்பட்டாவோடு போகாதே. உருண்டை உருளும் என்பதையும் மறக்காதே: 2010 செப்டம்பரில் இங்கிலாந்தின் டெவனில், சரிவில் உருண்டு வந்த 600 கிலோ எடையுள்ள கட்டு மோதி, செல்லோ இசைக்கலைஞர் மைக் எட்வர்ட்ஸ் தன் வேனிலேயே இறந்துபோனார்.

உன்னால் முடியுமா என்று கேட்டாய். முடியும். உனக்கு ஒரு வேலையும் தருகிறேன். என் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் ஆர்.சி.எஃப். உரத் தொழிற்சாலையின் புகைபோக்கி தெரியும். அங்கே யூரியா தயாராகிறது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 முதல் 65 லிட்டர் நீரில் கரைத்துத் தெளித்து, 21 நாள் காற்றுப் புகாமல் மூடி வைத்தால் வைக்கோல் மிருதுவாகி, மாட்டுக்குப் புரதச் சத்தும் கூடும் என்று கால்நடைத் துறையினர் சொல்லித் தருகிறார்கள். இளங்கன்றுகளுக்கு மட்டும் அதைக் கொடுக்கக் கூடாது. தெளிப்பதும் மூடுவதும் இன்றும் கைவேலைதான். சுருட்டும்போதே அளவாகத் தெளித்து, திரும்பத் திரும்பப் பயன்படும் உறையில் கட்டைப் போட்டு மூட ஒரு சின்ன இயந்திரம் உன்னால் யோசிக்க முடியுமா?

உடனே வரையாதே. பத்துக் கட்டை எடை போடு. குறுக்களவும் நீளமும் அள. கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்று கணக்குப் பார். ஒரு கட்டுக்குக் கயிறு சுற்ற எத்தனை நொடி வண்டி நிற்கிறது என்று குறித்துக்கொள். லாரியில் ஏற்றுகிற அண்ணன்களிடம் மாலையில் எங்கே வலிக்கிறது என்று கேள். தொழுவத்து மூலையில் அறுத்துப்போட்ட கயிறு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்றும் பார்த்து எழுது.

அந்தக் கணக்கு என் கைக்கு வந்த அன்று, உருளைகளை எங்கே வைப்பது என்று நாம் இரண்டு பேரும் சேர்ந்து வரையத் தொடங்கலாம்.

அன்புடன்,
உன் செம்பூர்த் தாத்தா