கொடிப் பந்து: சொற்களும் விதிகளும்

2023-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் மும்பையில் கூடிய அனைத்துலக ஒலிம்பிக் மன்றம், 2028-ஆம் ஆண்டின் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஐந்து விளையாட்டுகளைச் சேர்த்துக்கொள்ள ஒப்புதல் அளித்தது. கிரிக்கெட்டும் ஸ்குவாஷும் நம் வாசகர்களுக்குப் பழக்கமானவை. அவற்றோடு சேர்ந்த 'ஃபிளேக் ஃபுட்பால்' என்பது யாது என்று பலருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. தொலைக்காட்சியில் இதைக் கண்ட தோட்டத்து இளைஞர் சிலர், "ஓடுகிறார்கள், உடனே நிற்கிறார்கள், கூடிப் பேசுகிறார்கள், மறுபடியும் ஓடுகிறார்கள், இது என்ன ஆட்டம்?" என்று நம்மிடம் கேட்டதுண்டு. கேள்வி நியாயமானதே. இவ்வாட்டத்தில் கடினமானவை அதன் சொற்கள் மட்டுமே. அவற்றை ஒருமுறை அவிழ்த்துவிட்டால், பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கிவிடும்.

முதலில் பெயரைப் பார்ப்போம். இங்கே கொடி என்பது கோட்டு நடுவர் கையிலுள்ள கொடியன்று. திடலின் மூலையில் நடப்படும் கொடியுமன்று. ஆட்டக்காரர் தம் இடுப்பில் ஒரு வார் அணிந்திருப்பார். அவ்வாரின் இருபுறமும், இடைக்கு ஒன்றாக, நீண்ட பட்டைகள் தொங்கும். இழுத்தால் உடனே கழன்று வரும்படி அவை பொருத்தப்பட்டிருக்கும். இந்தப் பட்டைகளே கொடிகள். பந்தை வைத்திருப்பவரின் கொடியை எதிராளி உருவிவிட்டால், ஓட்டம் அந்தக் கணமே நின்றுவிடும். ஏனைய விதிகள் யாவும் இந்த ஒன்றிலிருந்தே கிளைத்தவை.

இதன் தாய் ஆட்டம் அமெரிக்கக் காற்பந்து. அதில் பந்துடன் ஓடுபவரை நிறுத்தவேண்டுமானால் உடலோடு உடல் மோதிக் கீழே வீழ்த்தவேண்டும். தலைக்கவசமும் தோட்பட்டை அணியும் பூண்டு ஆடினும், அதனால் விளைந்த தலைக்காயங்கள் பல. ஓய்வு பெற்ற ஆட்டக்காரர்கள் ஆயிரக்கணக்கானோர் தொடுத்த வழக்கில், அந்நாட்டின் தேசிய காற்பந்து லீக் 2013-ஆம் ஆண்டு 76 கோடியே 50 இலட்சம் டாலர் வழங்க இணங்கியது என்றால், பாதிப்பின் அளவை ஊகிக்கலாம். நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பின்னர் அந்த உச்சவரம்பும் நீக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கப் படைமுகாம்களில் இருந்த வீரர்கள், போர்முனைக்குச் செல்லுமுன் விளையாட்டிலேயே காயம்படாதிருக்கும் பொருட்டு, வீழ்த்துதலை விடுத்துக் கொடி உருவுதலைக் கைக்கொண்டனர் என்பர். 2023 முதல் அந்த லீக்கே தன் நட்சத்திர ஆட்டக்காரர்களின் ஆண்டுக் காட்சிப் போட்டியைக் கொடிப் பந்தாக மாற்றிவிட்டது.

நம் சடுகுடுவை நினைத்துப் பாருங்கள். பாடி வருபவர் தொட்டாலே போதும், எதிராளி வெளியேறவேண்டும். ஆனால் பாடி வருபவரைப் பிடிப்பவர்களோ காலைக் கவ்வியும் இடுப்பை வளைத்தும் அமுக்கவேண்டியிருக்கிறது. பிடிக்கும் பக்கத்துக்கும் வெறும் தொடுதலே போதும் என்று ஒரு விதி செய்தால் என்ன ஆகும்? பலசாலிக்கு இருந்த மதிப்பு விரைவாகத் திரும்பத் தெரிந்தவருக்குப் போய்விடும். கொடிப் பந்தில் நடந்திருப்பது இதுவே.

அனைத்துலக விதிப்படி ஒரு குழுவில் ஐவர் ஆடுவர். திடலின் நீளம் 70 கஜம், அகலம் 25 கஜம். அதாவது ஏறத்தாழ 64 மீட்டருக்கு 23 மீட்டர். நீளத்தில் இரு முனைகளிலும் உள்ள பத்துப் பத்து கஜம் 'இறுதிக் களம்' எனப்படும். எஞ்சிய 50 கஜமே ஓடியாடும் பரப்பு. முழு அளவுள்ள காற்பந்துத் திடல் ஒன்றின் அகலமே பெரும்பாலும் இந்த 64 மீட்டருக்குப் போதுமானது. ஆகவே ஒரு திடலைக் குறுக்காகப் பிரித்து, நடுவே போதிய இடைவெளி விட்டு, மூன்று கொடிப் பந்துத் திடல்களை அமைக்கலாம். மாலையில் ஒரே திடலுக்குப் பெரியவர்களும் சிறுவர்களும் போட்டியிடும் இடங்களில் இக்கணக்கு பயன்படும்.

ஆட்டம் இருபது நிமிடம் கொண்ட இரு பாதிகளாக நடைபெறும். பந்து முட்டை வடிவினது. ரக்பிப் பந்துக்கு உறவு, ஆனால் அதைவிட ஒல்லியானது. ரக்பி தெரிந்தவர்கள் ஒரு வேற்றுமையை மனத்தில் இருத்தவேண்டும்: ரக்பியில் பந்தைக் கையால் முன்னோக்கி எறிவது குற்றம்; இங்கே அதுவே ஆட்டத்தின் உயிர்.

பந்தை உடைய குழு தன் பக்கத்து 5 கஜக் கோட்டிலிருந்து தொடங்கும். பந்து வைக்கப்பட்ட இடத்தில் திடலின் குறுக்கே ஒரு கோடு இருப்பதாகக் கொள்ளவேண்டும். ஆங்கிலத்தில் இதற்கு 'லைன் ஆஃப் ஸ்கிரிமேஜ்' என்று நீண்ட பெயர். நாம் 'தொடக்கக் கோடு' என்போம். நடுவில் நிற்கும் 'சென்டர்' பந்தைப் பின்னோக்கிக் கொடுப்பார். இச்செயல் 'ஸ்னேப்' எனப்படும். அதைப் பெற்றுக்கொள்பவர் 'குவார்ட்டர்பேக்'. இப்பெயரை நாம் மொழிபெயர்க்க முயலவில்லை. கோல், பெனால்டி ஆகியவற்றை ஏற்றுக்கொண்ட நம் நா இதையும் ஏற்றுக்கொள்ளும். குவார்ட்டர்பேக் முன்னே ஓடுபவர் ஒருவரை நோக்கிப் பந்தை எறியலாம். அல்லது அருகில் ஓடிவருபவர் கையில் கொடுத்துவிடலாம். ஆனால் ஸ்னேப்பில் பெற்ற பந்தோடு அவரே தொடக்கக் கோட்டைத் தாண்டி ஓடக்கூடாது. சென்டர் உட்பட எவரும் எறியப்படும் பந்தைப் பிடிக்கலாம். பிடிக்காமல் பந்து தரையைத் தொட்டால் அந்த எறிதல் வீண்; அடுத்த ஆட்டம் அதே தொடக்கக் கோட்டிலிருந்து நடக்கும். எதிர்க்குழுவினர் இடைமறித்துப் பிடித்துவிட்டாலோ, அவர்களே அதைக் கொண்டு எதிர்த்திசையில் ஓடலாம்.

இனி, பார்ப்பவரைத் திகைக்கவைக்கும் 'டவுன்' என்னும் சொல்லுக்கு வருவோம். அகராதியைப் பார்த்து இதைக் 'கீழே' என்று பெயர்த்தால் ஒன்றும் விளங்காது. ஆள் தரையில் வீழ்த்தப்பட்டதும் ஆட்டம் நின்ற பழைய வழக்கத்தின் எச்சமே இப்பெயர். கொடிப் பந்தில் யாரும் வீழ்வதில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. நாம் இதை 'முயற்சி' என்று சொல்வதே பொருத்தம். ஸ்னேப்பில் தொடங்கிக் கொடி உருவப்படும் வரை, அல்லது பந்து தரையைத் தொடும் வரை, அல்லது ஓடுபவர் எல்லைக்கு வெளியே போகும் வரை நடப்பது ஒரு முயற்சி. கொடி உருவப்பட்ட கணத்தில் பந்து எங்கே இருந்ததோ அங்கேதான் அடுத்த முயற்சியின் தொடக்கக் கோடு அமையும். நான்கு முயற்சிகளுக்குள் நடுக்கோட்டைத் தாண்டவேண்டும். தாண்டினால் இறுதிக் களத்தை அடையப் புதிதாக நான்கு முயற்சிகள் கிடைக்கும். தவறினால் பந்து எதிர்க்குழுவுக்குப் போகும். ஒவ்வொரு முயற்சிக்கும் முன்னர் அவர்கள் கூடிப் பேசுவது அடுத்து யார் எப்பக்கம் ஓடுவது என்பதைத் தீர்மானிக்கவே.

மோதலைத் தடுக்கும் விதிகளே இவ்வாட்டத்தின் சிறப்பு என்பது நம் கருத்து. தடுப்பவர் எதிராளியைப் பிடிக்கவோ தள்ளவோ, கையிலுள்ள பந்தைத் தட்டிப் பறிக்கவோ கூடாது. ஓடுபவரின் தோழர்கள் குறுக்கே நின்று எதிராளியை மறிக்கக்கூடாது. ஓடுபவர் தம் கையாலோ பந்தாலோ கொடியை மறைத்தால் அது 'கொடி காத்தல்' என்னும் குற்றம். சுழன்று தப்பலாம், எதிராளியின் மேலாகத் தாண்டித் தப்பக்கூடாது. குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்பவர் ஸ்னேப் நிகழும்போது தொடக்கக் கோட்டிலிருந்து 7 கஜம் பின்னே நிற்கவேண்டும். இறுதிக் களத்துக்கு முந்திய 5 கஜத்தில் பந்தைக் கையில் வாங்கி ஓடி நுழைவதும் தடை. அங்கிருந்து தொடங்கினால் எறிந்தே புள்ளி பெறவேண்டும். குறுகிய இடத்தில் பத்துப் பேரும் நெருக்கியடித்தால் தலையும் தலையும் இடிக்கும் என்பதாலேயே இந்த ஏற்பாடு.

புள்ளிக் கணக்கு எளிது. எதிர்க்குழுவின் இறுதிக் களத்தில் பந்தோடு நுழைந்தாலும், அங்கே பந்தைப் பிடித்தாலும் 'டச்டவுன்', 6 புள்ளிகள். அதன்பின் ஒரு கூடுதல் முயற்சி உண்டு. 5 கஜத்திலிருந்து வென்றால் 1 புள்ளி. 10 கஜத்திலிருந்து வென்றால் 2 புள்ளிகள். எதைத் தேர்வது என்பது குழுவின் துணிவைப் பொறுத்தது. தன் இறுதிக் களத்திலேயே பந்துடன் மாட்டிக்கொண்டு கொடியை இழந்தால் 'சேஃப்டி'. எதிராளிக்கு 2 புள்ளிகள். 2022-இல் அலபாமா மாநிலத்துப் பர்மிங்ஹாமில் நடந்த உலக விளையாட்டுகளில், டயானா புளோரெஸ் குவார்ட்டர்பேக்காக ஆடிய மெக்சிகோ பெண்கள் குழு இறுதியாட்டத்தில் அமெரிக்காவை 39-6 என்று வென்றது. அந்த 6-ஐ இப்போது வாசகர்களே படிக்கலாம். ஒரு டச்டவுன் எடுத்துக் கூடுதல் முயற்சியில் தவறினால் 6. மூன்று சேஃப்டி எடுத்தாலும் 6 வரும். ஆனால் அது காண அரிது.

தாய் ஆட்டம் பிறந்த நாட்டையே ஒரு பெண்கள் குழு இத்தனை வேறுபாட்டில் வென்றதை நாம் வேண்டுமென்றே எடுத்துரைத்தோம். 2028 ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு ஆறு குழுக்கள், பெண்களுக்கும் ஆறு குழுக்கள் என இருபாலருக்கும் சம இடமே அளிக்கப்பட்டுள்ளது. "கை கால் ஒடிந்தால் யார் பார்ப்பது?" என்று மகளைத் திடலுக்கு அனுப்பத் தயங்கும் தாய்மார்களை நாம் அறிவோம். அவர்களின் அச்சத்தை இகழ்வதற்கில்லை. கொடிப் பந்திலும் கால் பிசகலாம், விரல் சுளுக்கலாம். ஆனால் ஒருவர் மீது ஒருவர் விழுவது இதில் ஆட்டமன்று, குற்றம். அந்த வேற்றுமையைப் பெற்றோர் ஒருநாள் வந்து நேரில் பார்க்கட்டும்.

பழகத் தொடங்குவோர்க்கு விலையுயர்ந்த சாதனம் தேவையில்லை. இரு நிறத் துணிகளைப் பட்டையாகக் கிழித்து, முனையைக் காற்சட்டையின் இடுப்பில் செருகிக்கொண்டாலே முதற்பாடத்துக்குப் போதும். முடிச்சிட்டுக் கட்டுவது கூடாது, இழுத்தவுடன் வரவேண்டும். சட்டையை உள்ளே விட்டுக்கொள்ளுங்கள். பையில்லாத காற்சட்டை அணியுங்கள். உருவ வரும் விரல் பையில் மாட்டினால் ஒடியக்கூடும். போட்டியென்று இறங்கும்போது பற்காப்பும் வேண்டும்.

முதல்நாள் பந்தே வேண்டாம். ஐந்து கஜ இடைவெளியில் இரு கோடுகள் கிழித்து, நடுவில் ஒருவரை ஓடவிட்டு எதிரே ஒருவரை நிறுத்துங்கள். எதிரே நிற்பவர் ஓடிவருபவரின் முகத்தைப் பார்த்தால் ஏமாறுவார். கண்ணும் தோளும் பொய்த் திசை காட்டும். இடுப்பு எப்பக்கம் திரும்புகிறதோ அப்பக்கமே ஆளும் போவார். கொடியும் அங்கேதான் இருக்கிறது.